ஆக்ஸலாட்டல்: முதலில் தண்ணீரை வளருங்கள்

இளஞ்சிவப்பு உடல், தலையின் இருபுறமும் இறகாய் விரிந்த செவுள்கள், எந்நேரமும் சிரிக்கிற மாதிரி ஒரு வாய். செல்போனில் ஆக்ஸலாட்டலைப் பார்த்துவிட்டு "நமக்கும் ஒண்ணு வாங்கலாம்ப்பா" என்று நச்சரிக்கும் பிள்ளைகள் பெருகிவிட்டார்கள். 2021-இல் மைன்கிராஃப்ட் விளையாட்டுக்குள் அது நுழைந்ததும் ஒரு காரணம். வாங்கித் தருவதில் தப்பில்லை. ஆனால், கத்திரி வெயிலிலும் உங்கள் வீட்டுத் தொட்டித் தண்ணீர் 18 டிகிரியில் நிற்குமா? நிற்காது என்றால் இந்த ஆசையை அப்படியே விட்டுவிடுவது நல்லது.

இது மீனல்ல, சாலமாண்டர். தவளைக்கு உறவு. மற்ற சாலமாண்டர்கள் பல, வளர்ந்ததும் செவுளை இழந்து கரையேறிவிடும். இது ஆயுள் முழுக்கக் குஞ்சுப் பருவத்து உடலோடு தண்ணீரிலேயே கிடக்கும், அப்படியே முட்டையும் இடும். சொந்த ஊர், மெக்சிகோ நகரத்தின் தெற்கே சோச்சிமில்கோ கால்வாய்கள். ஏறக்குறைய நம் ஊட்டி இருக்கும் உயரம். சென்னையிலோ மதுரையிலோ வளர்ப்பவருக்கு வரும் தொல்லைகளில் பாதி இதிலிருந்துதான் தொடங்குகிறது.

16 முதல் 18 டிகிரி வரை அதற்குச் சுகம். 24-ஐத் தாண்டினால் இரை எடுக்காது. செவுளில் பஞ்சு ஒட்டியதுபோல பூஞ்சை படரும். தண்ணீரின் மேல் சின்ன ஃபேன் ஓடவிட்டால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும். கடற்கரை ஊர்களின் புழுக்கத்தில் அதுவும் அவ்வளவாகப் பலிக்காது. ஐஸ் பாட்டிலை மிதக்கவிட்டால் வெப்பம் ஏறி இறங்கி, விலங்கை இன்னும் வதைக்கும். மிஞ்சுவது தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் கருவிதான். அதன் விலையையும் மின்கட்டணத்தையும் விசாரித்துவிட்டுத்தான் விலங்கின் விலையைக் கேட்க வேண்டும்.

அடுத்தது பொறுமை. "ரெண்டு நாள் மோட்டார் ஓடட்டும், அப்புறம் விடுங்க" என்று கடைக்காரர் சொன்னால் கேட்காதீர்கள். கழிவிலிருந்து வரும் அமோனியாவை நைட்ரைட்டாகவும், அதை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா ஃபில்டரில் குடியேற நாலு முதல் ஆறு வாரம் பிடிக்கும். டெஸ்ட் கிட்டில் அமோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யம் காட்டிய பிறகே விலங்கு உள்ளே போகலாம். குளோரின் நீக்காத குழாய்த் தண்ணீர் ஆகாது. வெறும் ஆர்.ஓ. தண்ணீரும் ஆகாது, அதில் தாது உப்பு இல்லை. நீரோட்டம் பலமாக இருந்தால் செவுள்கள் முன்பக்கம் வளைந்துகொள்ளும். ஸ்பாஞ்ச் ஃபில்டர் போதும்.

அழகுக்காகக் கூழாங்கல் கொட்டுவது பெரிய ஆபத்து. இரையை வாயால் உறிஞ்சும்போது கல்லும் உள்ளே போய்க் குடலை அடைக்கும். நைஸான மணல் போடுங்கள், அல்லது தரையை வெறுமையாக விடுங்கள். இமை கிடையாது என்பதால் வெளிச்சமும் பிடிக்காது. ஒளிந்துகொள்ள ஒரு மண்பானைத் துண்டு வையுங்கள். பூச்சிமருந்து படாத மண்புழுவைவிடச் சிறந்த தீனி இல்லை. வளர்ந்ததற்கு இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை கொடுத்தால் போதும். குஞ்சுகளை ஒன்றாக விட்டால் ஒன்றின் காலை மற்றொன்று கடித்துவிடும். கால் திரும்ப முளைக்கும்தான். அதற்காக வேடிக்கை பார்க்கலாமா? கையில் எடுத்துக் கொஞ்சுவதும் வேண்டாம், தோல் அவ்வளவு மென்மை.

கடைகளில் தாராளமாகக் கிடைக்கும் இது சொந்த ஊரில் அழிவின் விளிம்பில் இருக்கிறது. 1998-இல் சோச்சிமில்கோவில் சதுர கிலோமீட்டருக்குச் சுமார் 6,000 இருந்தன. 2014 கணக்கெடுப்பில் 36. நகரக் கழிவும், வளர்ப்புக்கென்று கொண்டுவிட்ட கெண்டையும் திலேப்பியாவும் செய்த வேலை. மெக்சிகோவின் 50 பெசோ நோட்டில் மட்டும் கம்பீரமாக இருக்கிறது.

பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட இனம் என்பதால், 2022-இல் திருத்தப்பட்ட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இந்தியாவில் இதை வைத்திருப்பவர் அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். பில்லைக் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். பத்துப் பதினைந்து வருடம் வாழக்கூடியது. நடுவில் சலித்துப்போனால் வளர்க்கத் தெரிந்த ஒருவரிடம் முறைப்படி ஒப்படையுங்கள். ஏரியிலோ கிணற்றிலோ மட்டும் விட்டுவிடாதீர்கள். வெயிலில் அது சாவது ஒருபுறம். அதன் உடலில் தொற்றியிருக்கும் நோய் நம் தவளைகளுக்கும் பரவக்கூடும்.