பிரமிடைக் கட்டிய கைகள்

எகிப்து என்றதும் பிரமிடும், பிரமிடு என்றதும் சவுக்கடி பட்டுக் கல்லிழுக்கும் அடிமைகளும் நம் மனக்கண்முன் வந்து நிற்பது வழக்கமாகிவிட்டது. இளமையில் கேட்ட கதைகளும் பின்னர்த் திரையிற் கண்ட ஆங்கிலப் படங்களும் இக்காட்சியை நம் உள்ளத்தில் ஆழப் பதித்துவிட்டன. இன்று நம் பிள்ளைகளும் அதையே நமக்குத் திருப்பிச் சொல்லுகின்றனர். ஆயின், 1990-ஆம் ஆண்டு முதல் எகிப்தின் மணலிலிருந்து ஒவ்வொன்றாக வெளிப்பட்டுவரும் சான்றுகள் வேறொரு வரலாற்றைக் கூறுகின்றன. அதனை அன்பர்களுக்கு எடுத்துரைக்க விழைகின்றோம்.

கெய்ரோ மாநகரை ஒட்டி, நைல் நதியின் மேற்குக் கரையில், பாலைவனத்தின் விளிம்பிலே உயர்ந்து நிற்கும் சுண்ணாம்புப் பாறை மேடே கீஸா. கதிரவன் மறையும் மேற்குத் திசையை இறந்தோர் உலகமாக எண்ணினர் பண்டை எகிப்தியர். ஆதலின் நான்காம் மரபைச் சேர்ந்த குஃபு என்னும் மன்னன், இற்றைக்கு ஏறத்தாழ 4,600 ஆண்டுகளுக்கு முன் தன் கல்லறையை இங்கே எழுப்பினான். அவன் மகன் காஃப்ரேயும், பெயரன் மென்கவுரேயும் பின்னர்த் தத்தம் பிரமிடுகளை அருகிலேயே அமைத்தனர். அரசியர்க்குச் சிறு பிரமிடுகள். அமைச்சர்க்கும் உறவினர்க்கும் தெருத்தெருவாகக் கற்சமாதிகள். மொத்தத்தில் இஃது ஓர் இடுகாடேயாம். ஆனால் நகரம் போலத் திட்டமிட்டு அமைத்த இடுகாடு.

குஃபுவின் பிரமிடைப் பற்றிய எண்கள் பலரும் அறிந்தவையே. எனினும் மீண்டும் நினைவூட்டுதல் தவறாகாது. ஒவ்வொரு பக்கமும் 230 மீட்டர் நீளம். கட்டிய காலத்தில் உயரம் 146 மீட்டர்; உச்சியும் மேற்பூச்சுக் கற்களும் பெயர்ந்துபோனமையால் இன்று ஏறத்தாழ 138 மீட்டர். அடுக்கிய கற்கள் சுமார் 23 இலட்சம். ஒவ்வொன்றும் சராசரி இரண்டரை டன். இத்துணைப் பெரிய அடித்தளத்தின் மட்டத்தில் ஓர் அங்குல ஏற்றத்தாழ்வு கூட இல்லை. குஃபு 27 ஆண்டுகள் ஆண்டான் எனக் கொண்டால், ஒருநாளும் ஓய்வின்றி நாளொன்றுக்கு 230-க்கும் மேற்பட்ட கற்களை வைத்திருத்தல் வேண்டும். கணக்கிட்டுப் பார்க்கும்போதே நமக்கு மூச்சு முட்டுகின்றது.

இவ்வளவு பெரிய மலையை எழுப்பிய மன்னனின் உருவமோ? ஐயத்திற்கு இடமின்றி அவனுடையது எனக் கூறத்தக்க முழு உருவச்சிலை ஒன்றே ஒன்றுதான் நமக்குக் கிடைத்துள்ளது. 1903-இல் அபிடோஸ் என்னும் இடத்தில் பிளிண்டர்ஸ் பெட்ரி கண்டெடுத்த அத்தந்தச் சிலையின் உயரம் மூன்று அங்குலம்! பிரமிடின் உள்ளறையில் இருக்கும் கருங்கற் பேழையும் வெறுமையாகவே கிடக்கின்றது. காலம் அரசனை அவ்வளவில் நிறுத்திவிட்டு, அவன் ஆட்களைப் பற்றிய செய்திகளை நாளுக்கு நாள் மிகுதியாகத் தந்துகொண்டிருக்கின்றது.

குஃபு தன் குடிகள் அனைவரையும் கட்டாயமாக வேலை வாங்கினான் என்றும், ஓரிலட்சம் பேர் மும்மாதத்திற்கு ஒருமுறை மாறி மாறி உழைத்தனர் என்றும், இருபது ஆண்டுகளில் பிரமிடு முடிந்தது என்றும் கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதிவைத்தார். அவர் எகிப்துக்குச் சென்றது கி.மு. ஐந்தாம் நூற்றாண்டில், அதற்குள் பிரமிடு கட்டி இரண்டாயிரம் ஆண்டுகள் கழிந்துவிட்டன. வழிகாட்டிகள் கூறியதைத்தான் அவர் குறித்துக்கொண்டிருக்கக் கூடும். சுற்றுலா வழிகாட்டிகளின் கற்பனை வளத்தை அறியாதவர் நம்முள் யார்?

1990-ஆம் ஆண்டு பெரிய பிரமிடுகளுக்குத் தெற்கே ஒரு குதிரை கால் இடறிற்று. இடறிய இடத்தைத் தோண்டிப் பார்த்தபோது பச்சைச் செங்கற் சுவர் ஒன்று தென்பட்டது. எகிப்தியத் தொல்பொருள் அறிஞர் ஜாஹி ஹவாஸ் அங்கு அகழ்வாய்வு நடத்தினார். வெளிப்பட்டவை தொழிலாளரின் கல்லறைகள். வேலையில் மிஞ்சிய சுண்ணாம்புக்கல், கருங்கல் துண்டுகளையும் களிமண்ணையும் கொண்டு தம் கையாலேயே அவர்கள் எழுப்பிய சிறு சமாதிகள்! சிலவற்றின் மேல் குவிமாடம். சிலவற்றின் மேல் ஆளுயரமும் இல்லாத குட்டிப் பிரமிடு. உடல்களைப் பதப்படுத்தும் வசதி அவர்களுக்கில்லை. முழங்காலை மடக்கிக் குழந்தையைப் போலப் படுக்கவைத்துள்ளனர். மறுமைக்கென்று ரொட்டியும் பார்லி மதுவும் வைக்கும் கலயங்கள் அருகில் இருந்தன. பெட்டெட்டி என்பவன் தன் சமாதியைக் கெடுப்போரை முதலையும் நீர்யானையும் சிங்கமும் தாக்குமென்று சாபமே பொறித்துவைத்திருக்கின்றான்.

அரசனின் பிரமிடு கண்ணுக்கெட்டும் தொலைவில் அடிமைகளை இவ்வாறு அடக்கம் செய்யும் வழக்கம் எங்குமில்லை. இதுவே அடிமைக் கதைக்கு எதிரான முதற் சான்றாக அமைந்தது.

எலும்புகளும் பேசின. முதுகெலும்பு நசுங்கியும் முழங்கால் மூட்டுகள் தேய்ந்தும் இருந்தன. பாரம் சுமந்தவர்களுக்கு வேறென்ன இருக்கும்? முப்பது வயதைத் தாண்டியதும் இறந்தோர் பலர். ஆனால் முறிந்த கையெலும்புகள் பல நேராகக் கூடியிருந்தன. மட்டை வைத்துக் கட்டியவர் ஒருவர் இருந்தாலன்றி அவ்வாறு கூடாது. கால் துண்டிக்கப்பட்ட பின்னும் புண் ஆறிப் பல்லாண்டு வாழ்ந்தவரும் உண்டு. வேலையிடத்திலே வைத்தியர் இருந்திருக்கின்றார் என்பது தெளிவு.

அவர்கள் வாழ்ந்த ஊரையும் அமெரிக்க ஆய்வாளர் மார்க் லேனர் வெளிப்படுத்தினார். ஸ்பிங்க்ஸ் சிலைக்குத் தெற்கே, அரபு மொழியில் 'காக்கைச் சுவர்' எனப் பொருள்படும் பெயர் பெற்ற 200 மீட்டர் நீளக் கற்சுவர் ஒன்று நிற்கின்றது. அதற்கு அப்பால் மணலுக்கடியில் அவ்வூர் கிடந்தது. பெரும்பாலும் காஃப்ரே, மென்கவுரே காலத்தது. ஒரு கட்டடத்தில் நாற்பது ஐம்பது பேர் படுத்துறங்கத்தக்க நீண்ட கூடங்கள் வரிசை வரிசையாக இருந்தன. 1991-இல் அடுமனைகள் கண்டெடுக்கப்பட்டன. மணிபோன்ற பெரிய மண்கலங்களைத் தணலிற் புதைத்து ரொட்டி சுட்டனர். குப்பையிற் கிடந்த ஆடு மாடுகளின் எலும்புகளை ஆராய்ந்தோர், அவற்றுள் இளம் காளைகளே மிகுதி என்றனர். கிராமத்தில் என்றோ ஒருநாள் இறைச்சி உண்ட குடியானவன் இங்கே அடிக்கடி உண்டிருக்கின்றான். ஊர் விட்டு வந்து, ஒரே கூடத்தில் நாற்பது பேருடன் படுத்து, பொதுச் சமையலில் வயிறு நிரப்பிய இளைஞர்களின் நிலை, நகரங்களில் நம்மவர் பலருக்குப் புதியதன்று.

அவர்கள் எத்தனை பேர்? ஓரிலட்சம் என்பதை இன்று யாரும் ஒப்புவதில்லை. பத்தாயிரம் என்பார் உளர்; இருபதினாயிரம், முப்பதினாயிரம் என்பாரும் உளர். குழு குழுவாகப் பிரிந்து, குழுவுக்கொரு பெயர் சூட்டிக்கொண்டு, ஒருவரோடொருவர் போட்டியிட்டு உழைத்தனர். குஃபு பிரமிடின் உள்ளே, அரசன் அறைக்கு மேலுள்ள ஒடுக்கமான இடங்களில், 'குஃபுவின் நண்பர்கள்' என்று ஒரு குழுவினர் செம்மண் குழம்பால் எழுதிய பெயர் இன்றும் அழியாதிருக்கின்றது. மூன்றாம் பிரமிடில் வேலை செய்த ஒரு குழுவின் பெயரை 'மென்கவுரேயின் குடியர்கள்' என்று மொழிபெயர்க்கின்றனர். அரசன் பெயரோடு இப்படி விளையாடும் துணிவு சவுக்கடிக்கு அஞ்சி நடுங்குவோர்க்கு வராது என்றே நாம் எண்ணுகின்றோம்.

இவற்றினும் வியத்தகு சான்று 2013-இல் கிடைத்தது. செங்கடற் கரையில் வாதி எல் ஜர்ஃப் என்னும் பழந்துறைமுகத்தில், பிரெஞ்சு அறிஞர் பியர் தாலே, படகுகளை வைத்துப் பூட்டும் குகையின் வாயிலிலே, கற்களுக்கிடையில் பாப்பிரஸ் ஏடுகளைக் கண்டெடுத்தார். உலகில் கிடைத்துள்ள எழுத்துடைய பாப்பிரஸ் ஏடுகளுள் இவையே மிகப் பழையவை. அவற்றுள் ஒன்று மெரெர் என்பவனின் நாட்குறிப்பு. அவன் 40 பேர் கொண்ட படகுக் குழுவின் தலைவன். நம் வழக்கிற் கூறினால் ஒரு மேஸ்திரி. நைலின் கிழக்குக் கரையிலுள்ள தூராவின் வெண்சுண்ணாம்புக் கல்லைப் படகிலேற்றி, கால்வாய் வழியே கீஸாவிற் கொண்டு சேர்ப்பது அவன் பணி. இன்று கல் ஏற்றினோம், இரவு இன்ன இடத்தில் தங்கினோம், மறுநாள் இறக்கினோம், திரும்பினோம் என்று நாள்தோறும் எழுதியுள்ளான். பத்து நாளில் இரண்டு மூன்று நடை. மாதத்திற்கு ஏறத்தாழ 200 கற்கள் சென்றிருக்கும் என்பது தாலேயின் மதிப்பீடு. மேற்பார்வையாளனாகக் குறிக்கப்படுபவன் அங்க்ஹாஃப். அவன் அரசனுக்கு மாற்றாந்தாய் வழிச் சகோதரன்.

கூடக் கிடைத்த கணக்கேடுகளில் வரவேண்டிய தானியம், வந்தது, நிலுவை என மூன்று கட்டங்கள் வரைந்திருக்கின்றனர். அலுவலகத்தில் கணக்கெழுதும் அன்பர்கள் இதைக் கண்டால் புன்முறுவல் கொள்வர்.

ஒன்றை மட்டும் மறைத்தல் முறையன்று. அடிமைகள் அல்லர் என்பதால் அனைவரும் விரும்பியே வந்தனர் என்று கூறிவிட முடியாது. கைவினைஞர் நிலையாகத் தங்கினர்; கல்லிழுத்த பெருங்கூட்டமோ அரசுக்கு ஆற்ற வேண்டிய ஊழியமாக ஊர்களிலிருந்து அழைத்துவரப்பட்டது. மறுக்கும் உரிமை அவர்களுக்கு இருந்ததாகத் தெரியவில்லை. இப்போது சில நூல்கள் மகிழ்ச்சியான தொண்டர்கள் கூடிக் கோயில் கட்டியது போல எழுதுகின்றன. அது பழைய சவுக்குக் கதையின் மறுபக்கமேயன்றி வேறன்று. தேய்ந்த முதுகெலும்பை யாரும் விரும்பி ஏற்பதில்லை. உணவும் மருத்துவமும் அடக்கமும் அவர்களுக்குக் கிடைத்தன. அவ்வளவே நாம் உறுதியாகக் கூறக்கூடியது.

கீஸாவுக்குச் செல்லும் வாய்ப்புப் பெறும் அன்பர்கள் பெரிய பிரமிடையும் ஸ்பிங்க்ஸையும் பார்த்ததோடு திரும்பிவிட வேண்டாம். 1954-இல் பிரமிடின் அடியிற் கண்டெடுத்து, 1,224 மரத்துண்டுகளைப் பொருத்தி உருவாக்கிய குஃபுவின் படகு 2021 முதல் அருகிலுள்ள புதிய பெரும் அருங்காட்சியகத்தில் இருக்கின்றது. ஸ்பிங்க்ஸுக்குத் தெற்கே சிறிது நடந்தால் காக்கைச் சுவர் தெரியும். சுவரின் நடுவே உயர்ந்த வாயில் ஒன்றுண்டு. அந்த ஊரார் நாள்தோறும் வேலைக்குப் போய்வந்த வழி அது. அதன் மேற்கே, மேட்டுச் சரிவில் அவர்களுடைய சமாதிகள் உள்ளன.