பேய்ப்படமும் பயந்த சுபாவமும்

"டொக்டர், சிரிக்கப்படாது" என்று சொல்லிக்கொண்டுதான் அந்த அம்மா பேச்சைத் தொடங்கினார். முழங்கால் வலிக்கு மருந்து எழுதுவித்துக்கொண்டு, கதவுவரை போய்த் திரும்பி வந்து சொன்ன விடயம் இது. உண்மையான கவலை பெரும்பாலும் கதவுப்பிடியில் கை வைத்த பிறகுதான் வெளியே வரும் என்பது குடும்ப வைத்தியர்கள் எல்லோருக்கும் தெரியும்.

அவருடைய பதினாறு வயது மகன் சனிக்கிழமை இரவுகளில் பேய்ப்படம் பார்ப்பானாம். கிழமை முழுவதும் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு இருக்கும் பிள்ளை, அந்த ஒரு இரவு மட்டும் "அம்மா, வாங்கோ, சேர்ந்து பார்ப்பம்" என்று கூப்பிடுகிறான். இவருக்கோ சிறுவயது முதல் பயந்த சுபாவம். போகாமல் விட மனம் வரவில்லை. போனால் இரண்டு மூன்று நாள் நித்திரை இல்லை. இரவில் தண்ணீர் குடிக்கக் குசினிக்குப் போவதற்கும் கணவரை எழுப்ப வேண்டியிருக்கிறது. கணவர் சிரிக்கிறார், மகள் சிரிக்கிறாள். "பயம் வராமல் இருக்க ஏதும் குளிசை இருக்கோ, டொக்டர்?"

நான் சிரிக்கவில்லை. நானும் அதே கட்சிதான். 1980களில் எங்கள் ஊரில் ரீவியும் டெக்கும் வாடகைக்கு எடுத்து, முற்றத்தில் பாய் விரித்து, விடிய விடிய மூன்று நான்கு படம் ஓட்டுவார்கள். அப்படி ஒருநாள் 'யார்' (1985) பார்த்துவிட்டு வீடு திரும்பும் வழியில் ஒரு பனங்கூடல். காவோலை ஒன்று சரசரத்து விழ, நானும் ஒன்றுவிட்ட அண்ணாவும் ஓடிய ஓட்டத்தில் கழன்று போன செருப்பு இன்றுவரை கிடைக்கவில்லை. பின்னாளில் மருத்துவம் படித்தபோது பிரேதங்களுக்கு நடுவே தனியாக நின்று படித்திருக்கிறேன். அதற்குப் பயம் வரவில்லை. படத்துக்கு மட்டும் இன்றும் பயம்தான்.

இது கோழைத்தனம் அல்ல என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். மூளையின் உட்பகுதியில் வாதுமைப் பருப்பின் வடிவில் அமிக்டலா என்றொரு சிறு பகுதி இருக்கிறது. ஆபத்து என்று ஐயம் வந்தவுடன் மணி அடிப்பது அதன் வேலை. "இது வெறும் படம், அது பூச்சு போட்ட நடிகர்" என்று சிந்திக்கும் மூளை சொல்லி முடிப்பதற்குள் மணி அடித்துவிடும். சிறுநீரகங்களின் மேல் தொப்பிபோல் அமர்ந்திருக்கும் சுரப்பிகள் அதிரினலினைச் சுரக்க, நெஞ்சு படபடக்கும், கை வியர்க்கும், மயிர் கூச்செறியும். சிலருக்கு இந்த மணி மெல்லத் தட்டினாலே அடிக்கும், சிலருக்குப் பலமாகத் தட்டவேண்டும். ஒருவர் உயரம், ஒருவர் கட்டை என்பது போலத்தான் இதுவும். கட்டையானவரைப் பார்த்து "கொஞ்சம் முயற்சி செய்து வளரும்" என்று நாங்கள் சொல்வதில்லை.

"இரத்தம் உறைந்து போச்சு" என்று நாம் சொல்வதைக்கூட ஆராய்ந்து பார்த்திருக்கிறார்கள். நெதர்லாந்தின் லெய்டன் நகரில் 24 பேருக்கு 'இன்சிடியஸ்' (2010) என்ற பேய்ப்படத்தையும், ஷம்பெய்ன் தயாரிப்பது பற்றிய ஓர் ஆவணப்படத்தையும் வெவ்வேறு நாட்களில் காட்டி, முன்னும் பின்னும் இரத்தம் எடுத்துச் சோதித்தார்கள். பேய்ப்படத்தின் பின் இரத்தம் உறைவதற்கு உதவும் எட்டாம் காரணி என்ற புரதம் பலருக்குக் கூடியிருந்தது. ஆனால் இரத்தம் உண்மையில் உறையத் தொடங்கியதற்கு அறிகுறி இல்லை. 2015 இல் பிரித்தானிய மருத்துவச் சஞ்சிகை ஒன்று தனது நத்தார் இதழில் இதை வெளியிட்டது. விளையாட்டாகச் செய்த ஆய்வு என்றாலும், காயம் படப்போகிறது என்று உடம்பு உண்மையாகவே ஆயத்தமாகிறது என்பதை அது காட்டுகிறது. அண்மையில் மாரடைப்பு வந்தவர்கள், நெஞ்சுவலி கட்டுப்படாதவர்கள் இந்த விளையாட்டைத் தவிர்ப்பது நல்லது. மற்றவர்களின் இருதயம் தாங்கும்.

இன்னொரு வகையினர் இருக்கிறார்கள். பேய்க்குப் பயமில்லை, இரத்தத்தைக் கண்டால் தலை சுற்றி விழுந்துவிடுவார்கள். இங்கே நடப்பது நேர்மாறானது. நெஞ்சு படபடத்த பின் திடீரென்று இரத்த அழுத்தம் இறங்கி, மூளைக்குப் போகும் இரத்தம் குறைகிறது. இவர்களுக்குச் சுவீடனில் உருவாக்கிய எளிய பயிற்சி ஒன்று உண்டு. தலை சுற்றப்போவது போல் தோன்றியதும் கை, கால், வயிற்றுத் தசைகளை முகம் சூடேறும்வரை பத்துப் பதினைந்து விநாடிகள் இறுக்கிப் பிடித்து, பின் தளர்த்தி, திரும்பவும் இறுக்க வேண்டும். இரத்தம் எடுக்கும்போது மயங்குபவர்களுக்கும் இதையே சொல்லிக் கொடுக்கிறோம்.

காதைப் பொத்துங்கள், கண்ணை அல்ல

சரி, அந்த அம்மாவுக்கு என்ன சொன்னேன்? குளிசை தரவில்லை. படபடப்பைக் குறைக்கும் புரொப்பிரனலோல் என்ற மருந்து இருக்கிறது என்று அவர் எங்கோ கேள்விப்பட்டிருந்தார். மச்சாளிடம் வாங்கிப் போடலாமா என்ற யோசனையும் இருந்தது. ஆஸ்துமா உள்ளவர் அதைப் போட்டால் மூச்சுக்குழாய் இறுகி ஆபத்தாகலாம். ஒருவருக்கு எழுதிய மருந்தை இன்னொருவர் போடும் பழக்கம் எங்கள் ஆட்களிடம் அதிகம். அதற்குத் தனிக் கட்டுரையே எழுத வேண்டும்.

பயம் வரும் காட்சியில் எல்லோரும் கண்ணைப் பொத்துகிறோம். காது திறந்தே இருக்கிறது. ஆனால் திடுக்கிட வைப்பது பெரும்பாலும் சத்தம்தான். 'சைக்கோ' (1960) படத்தின் குளியலறைக் காட்சியை இசையே இல்லாமல் வைக்கத்தான் ஹிட்ச்கொக் முதலில் எண்ணியிருந்தார். இசையமைப்பாளர் பேர்னாட் ஹேர்மன் சேர்த்த வயலின் கீச்சொலிகளைக் கேட்ட பிறகு மனதை மாற்றிக்கொண்டார். அந்தக் காட்சியில் ஓடும் 'இரத்தம்' சொக்கலேற் பாணி. இன்றைய படங்களில் அரை நிமிடம் நிசப்தமாக வைத்துவிட்டு ஒரேயடியாக அலற விடுகிறார்கள். ஆகவே ரிமோட்டை உங்கள் கையில் வைத்திருங்கள். சத்தத்தைப் பாதியாகக் குறைத்து, வசனத்தை உப தலைப்பில் வாசியுங்கள். இது ஒன்றே பாதிப் பயத்தை எடுத்துவிடும் என்பது என் சொந்த அனுபவம்.

அடுத்தது வெளிச்சம். இருட்டில் திடுக்கிடும் தன்மை கூடுகிறது என்பது ஆய்வுகூடத்தில் அளந்து பார்த்த விடயம். எங்கள் ஊர் முற்றத்தில் ஜெனரேற்றர் இரைந்தது, குழந்தைகள் அழுதன, யாரோ தேத்தண்ணி கொண்டு திரிந்தார்கள், ரீவியும் சின்னன். இன்று சுவர் அளவு திரை, நாலா பக்கமும் ஒலிபெருக்கி, விளக்கும் அணைப்பு. முற்றத்தை வீட்டுக்குள் கொண்டுவாருங்கள். விளக்கு எரியட்டும், கையில் ஏதும் வேலை இருக்கட்டும், இடையில் எழும்பிப் போக வெட்கப்பட வேண்டாம்.

படம் பார்க்கும் நேரமும் முக்கியம். அதிரினலின் விரைவில் அடங்கிவிடும். ஆனால் விழிப்பாக இருந்த மூளை அடங்க நேரமெடுக்கும். படம் முடிந்த கையோடு படுக்கைக்குப் போனால், வீட்டின் சூடாக்கிக் குழாய் 'டக்' என்றாலும் காலடிச் சத்தமாகத்தான் கேட்கும். பின்னேரத்திலேயே பார்த்து முடித்து, சமைத்து, சாப்பிட்டு, ஒரு வடிவேலு பகிடியும் பார்த்துவிட்டுப் படுங்கள். கதையை முன்கூட்டியே அறிந்து வைப்பது சிலருக்கு உதவும். வேறு சிலருக்கு, வரப்போகிறது வரப்போகிறது என்ற எதிர்பார்ப்பே பயத்தைக் கூட்டும். நீங்கள் எந்த வகை என்று நீங்களே கண்டுபிடியுங்கள்.

சின்னப் பிள்ளைகள்

பெரியவர்கள் தாங்களாகத்தான் பார்க்கிறார்கள். மடியில் இருக்கும் ஐந்து வயதுப் பிள்ளை அப்படி அல்ல. 'காஞ்சனா' (2011), 'அரண்மனை' (2014) போன்ற படங்களைப் பகிடிப் படம் என்று நினைத்துக் குடும்பமாக அமர்ந்து பார்க்கிறோம். பகிடி பெரியவர்களுக்குத்தான் விளங்குகிறது. பிள்ளையின் மனதில் நிற்பது விரித்த தலைமுடியும் வெள்ளை முழியும். ஏழு வயதுக்குக் கீழே "அது பொய்யடா" என்ற விளக்கம் அதிகம் உதவாது. உருவமே அவர்களுக்கு உண்மை. தூக்கி அணைப்பது, தண்ணீர் கொடுப்பது, பக்கத்தில் படுப்பது, இவைதான் வேலை செய்யும். அதற்கு மேற்பட்ட வயதில் ஒப்பனை செய்யும் விதத்தைக் காட்டி விளக்கலாம். 1999 இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் சுமார் 150 பல்கலைக்கழக மாணவர்களிடம் விசாரித்தார்கள். ஏறத்தாழ 90 வீதமானோர் ஏதோ ஒரு படம் தம்மை நீண்ட நேரம் பயமுறுத்தியதாகச் சொன்னார்கள். நால்வரில் ஒருவருக்கு அந்தப் பயத்தின் மிச்சம் அப்போதும் இருந்தது.

இங்கே பிரித்தானியாவில் படத்தின் மேல் போட்டிருக்கும் 12, 15, 18 என்ற இலக்கங்களைப் பாருங்கள். வீட்டில் நுழைவுச்சீட்டுப் பார்க்கும் ஆள் நீங்கள்தான். 2012 இல் 'த வுமன் இன் பிளாக்' என்ற பேய்ப்படம், சில விநாடிகள் வெட்டப்பட்டு, 12ஏ சான்றிதழுடன் திரையரங்குக்கு வந்தது. ஹரி பொட்டராக நடித்தவரே அதிலும் நாயகன் என்பதால் பிள்ளைகளும் போனார்கள். தணிக்கைச் சபைக்கு 134 முறைப்பாடுகள். அந்த ஆண்டில் வேறு எந்தப் படத்துக்கும் அவ்வளவு வரவில்லை. நடிகரின் முகத்தை நம்பிப் படம் தெரிவு செய்யக் கூடாது. ஒவ்வொரு படத்திலும் என்ன வருகிறது என்று அந்தச் சபை சுருக்கமாக எழுதி வைத்திருக்கிறது. வாசிக்க ஒரு நிமிடம்.

இன்னொரு பயத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். வன்னியில் இருந்து வந்த ஒரு தகப்பனார், பேய்ப்படத்தை ஒரு கண் மூடாமல் பார்ப்பவர். பிள்ளைகள் போட்ட போர்ப்படம் ஒன்றில் ஹெலிகொப்ரர் இரைச்சல் கேட்டதும் ரீவியை நிறுத்தி, பிள்ளைகளை ஏசி, வெளியே போய் இரண்டு மணித்தியாலம் தெருவில் நடந்திருக்கிறார். இதைப் பயந்த சுபாவம் என்று சொல்ல முடியாது. அவருடைய உடம்புக்கு அது படம் அல்ல, நடந்த விடயம். கதவு அடித்தாலும் துள்ளி எழுவது, ஒரே கனவு திரும்பத் திரும்ப வருவது, காரணமில்லாமல் எரிந்து விழுவது ஆகியன மாதக்கணக்கில் இருந்தால் அது நெருக்கீட்டின் பின்னான மனவடுவாக இருக்கலாம். சத்தத்தைக் குறைப்பதால் மட்டும் அது போகாது. நல்ல சிகிச்சை இருக்கிறது, எத்தனை வருடம் கழித்து வந்தாலும் பலன் தரும். இங்கிலாந்தில் தேசிய சுகாதார சேவையின் பேச்சுவழிச் சிகிச்சைப் பிரிவை வைத்தியரின் கடிதம் இல்லாமல் நேரடியாகவே தொடர்புகொள்ளலாம், தமிழ் மொழிபெயர்ப்பாளரும் கேட்கலாம். பிள்ளைகளே, அப்பா எழும்பிப் போனால் பின்னால் சிரிக்காதீர்கள். அடுத்த முறை படம் போடுமுன் அதில் குண்டுவீச்சு இருக்கிறதா என்று பார்த்து அவரிடம் சொல்லிவிடுங்கள்.

அந்த அம்மா நான்கு மாதம் கழித்துத் திரும்ப வந்தார் (ஆளடையாளம் தெரியாதபடி சில விபரங்களை மாற்றியிருக்கிறேன்). இப்போது படம் சனி பின்னேரம் நாலு மணிக்கு. விளக்கு எரிகிறது, ரிமோட் அவர் கையில், மடியில் மடிக்க வேண்டிய உடுப்புக் குவியல். நித்திரை பரவாயில்லை.

"ஒன்று தெரியுமோ டொக்டர்? அவனுக்கும் பயமாம். தனியப் பார்க்கப் பயத்திலதான் என்னைக் கூப்பிடுறவனாம்."

முழங்கால் வலிதான் அப்படியே இருக்கிறது. எக்ஸ்ரே எடுக்க அனுப்பியிருக்கிறேன்.