பிடிப்பதும் விடுவதும்

மீன் பிடிப்பது என்றாலே உணவுக்காகப் பிடிப்பது என்றுதான் நம்மில் பெரும்பாலோர் எண்ணுவர். அரும்பாடுபட்டுப் பிடித்த மீனை மீண்டும் ஆற்றிலேயே விட்டுவிடுவோரும் உண்டு என்று சொன்னால், 'அப்படியானால் பிடிப்பானேன்?' என்று நேயர்கள் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானதே. அதற்கு விடை கூறுமுன் அந்த மீனையும், அதைப் பிடிக்கும் முறையையும் அறிந்துகொள்வது நலம்.

நான் இங்குக் கூற எடுத்துக்கொண்டது, கெண்டை இனத்தைச் சேர்ந்த மஹசீர் எனும் பெருமீன். அவ்வினத்துள் மிகப் பெரியவற்றில் ஒன்று, காவிரியிலும் அதன் கிளையாறுகளிலும் மட்டுமே வாழும் திமில் மஹசீர். தலைக்குப் பின்னால் முதுகு மேடிட்டிருப்பதால் அதற்கு அப்பெயர். 1946ஆம் ஆண்டில் வான் இங்கன் என்பவர் கபினி ஆற்றில் பிடித்த மஹசீர் 120 இறாத்தல், அதாவது ஏறத்தாழ 54 கிலோகிராம் எடையிருந்தது. இம்மீனின் தாடைகளில் பற்கள் இல்லை. ஆயினும் தொண்டைக்குள் அமைந்த பற்களால் நண்டின் ஓட்டை நொறுக்கிவிடும். சிறுமீன்களை வேட்டையாடும், கரையோர மரங்களின் பழங்களையும் விடாது. கேழ்வரகு மாவை வேகவைத்து உருட்டித் தூண்டில் முள்ளில் கோக்கும் வழக்கம் காவிரியில் ஏற்பட்டதும் இதன் பல்வகைப் பசியை அறிந்தே.

இம்மீன் பாறைகளுக்கு இடையே, நீர் விரைந்தோடும் இடங்களை நாடும். கரையிலிருந்து எறியும் தூண்டில் அங்கெல்லாம் எட்டுவதில்லை. முள்ளில் சிக்கிய மீன் நீரோட்டத்தோடு பாயுமானால், பிடிப்பவரும் அதன்பின் செல்ல வேண்டியிருக்கும். ஆகவே ஆற்றில் இறங்குவது இன்றியமையாததாகிறது.

இறங்குவதற்கும் முறை உண்டு. ஊன்றுகோல் ஒன்று கையில் வேண்டும். மேனீர்ப்பக்கம் சற்றே திரும்பி, கோலை முன்னே ஊன்றி, ஒரு கால் நிலைத்த பின்னரே மறு காலைப் பெயர்க்க வேண்டும். காலைத் தூக்கி வைப்பதைவிடத் தரையோடு நகர்த்துவதே பாதுகாப்பு. பாசி படிந்த பாறையை நம்பலாகாது. தொடைக்கு மேல் நீர் ஏறினால், வேகமான ஓட்டத்தில் நிற்பது அரிது. காவிரியில் முதலைகளும் உண்டு. அணைகளில் நீர் திறந்துவிட்டால் ஆறு திடீரெனப் பெருகுவதும் உண்டு. முன்னர் அங்கே தூண்டில் முகாம்கள் இயங்கிய நாட்களில், எனக்கு வழிகாட்டிய கிராமவாசி ஒரு பாறையின் ஈரக்கோட்டையே கண்கொட்டாமல் பார்த்திருப்பார். அது ஒரு விரற்கடை உயர்ந்தாலும், "ஐயா, கரைக்கு வந்துவிடுங்கள்" என்பார். மறுபேச்சின்றி வந்துவிடுவேன்.

இனி, விடுவதைப் பார்ப்போம். நீந்திச் சென்ற மீனெல்லாம் பிழைத்த மீன் அன்று. நெடுநேரம் போராடிய மீனின் தசைகளில் களைப்பின் அமிலம் தேங்குகிறது. வெப்பமான நீரிலோ உயிர்வளி குறைவு. அந்நிலையில் அதைக் காற்றில் தூக்கிப் பிடித்துப் படமெடுத்தால், மூச்சுவிடும் செவுள் இதழ்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. அம்மீன் கண்முன் நீந்திப் போனாலும், பின்னர் ஆழத்தில் மாண்டுவிடக்கூடும்.

ஆகையால் வலிய நரம்பைக் கொண்டு போராட்டத்தை விரைவில் முடிக்க வேண்டும். எதிர்க்கூர் இல்லாத ஒற்றை முள்ளையே பயன்படுத்த வேண்டும். அது எளிதில் கழன்றுவிடும். உலர்ந்த கை, மீனின் உடலைக் காக்கும் வழுவழுப்பான படலத்தை உரித்துவிடும். எனவே கையை முதலில் நனைத்துக்கொள்ள வேண்டும். தாடையைப் பற்றித் தொங்கவிடலாகாது. நீரில் தாங்கி நிற்கும் பேருடல், காற்றில் தன் எடையாலேயே ஊறுபடும். இடுப்பளவு அமைதியான நீரில் நின்று, ஒரு கையால் வயிற்றையும் மறு கையால் வால் அடியையும் தாங்கி, தலையை ஓட்டத்திற்கு எதிராக வைத்திருந்தால் போதும். வாய் வழியே புகும் நீர் செவுள்களைக் கழுவிச் செல்லும். மீன் தன் வலிமையாலேயே கையை உதறிச் செல்லும்வரை பொறுத்திருக்க வேண்டும்.

'பிடிப்பானேன்?' என்ற கேள்விக்கு இப்போது வருவோம். காலிபோரே முகாமில், பிடித்து விட்ட மீன்களின் கணக்கை எழுதி வைத்திருந்தனர். 1998 முதல் 2012 வரையிலான அக்கணக்கை ஆராய்ந்து 2015இல் வெளிவந்த கட்டுரை ஒரு துயரச் செய்தியை உலகறியச் செய்தது. திமில் மஹசீர் அருகிக்கொண்டே வந்தது. நீலத் துடுப்பு மஹசீரோ பெருகிக்கொண்டே வந்தது. பின்னது காவிரியின் மீன் அன்று. லோணாவாலாவின் பொரிப்பகத்தில் வளர்த்து, நல்லெண்ணத்துடன் ஆற்றில் கொண்டுவந்து விடப்பட்ட மீன் அது.

இதனினும் வியப்பு, அந்நாளில் திமில் மஹசீருக்கு உறுதியான அறிவியற் பெயர்கூட வழங்கப்பெறவில்லை என்பது. பாம்பாற்று மீன்களைக் கொண்டு 'டார் ரெமாதேவியி' என்று பெயரிடப்பட்ட இனமே இது என்பது 2018இல்தான் தெளிவாயிற்று. அதே ஆண்டில், அழிவின் விளிம்பில் நிற்கும் உயிரினங்களின் பட்டியலில் இது சேர்க்கப்பட்டது. மோயாற்றிலும் இதன் மிச்சம் இருப்பது கண்டறியப்பட்டது.

காவிரிச் சரணாலயத்தில் தூண்டிலிடுவது நிறுத்தப்பட்டுவிட்டது. ஆதலால் இப்பேச்சு அங்கே சென்று மீன் பிடிக்க விடுக்கும் அழைப்பு அன்று. அனுமதியுள்ள இமயமலை ஆறுகளில் பொன்னிற மஹசீரை நாடுவோர்க்கு மேற்கூறிய முறைகள் அனைத்தும் பொருந்தும். ஆனால் இதன் பாடம் தூண்டில் பிடிப்போர்க்கு மட்டும் உரியதன்று. களைத்த மீனைக் கையிலிருந்து விடுவதானாலும், பொரிப்பகக் குஞ்சுகளை ஆற்றில் விடுவதானாலும், இரக்கம் ஒன்றே போதாது. எந்த நீரில், எந்த மீனை, எந்நிலையில் விடுகிறோம் என்ற அறிவும் வேண்டும். அவ்வறிவு வாய்த்தால், காவிரியின் திமில் மீன் நம் பேரர்களின் காலத்திலும் அந்நீரில் நீந்தும்.