வைக்கோலைத் தின்னும் பூஞ்சை

பஞ்சாபில் தீக்கு இரையாகும் நெல் தாளைப் பேக்கிங் அட்டையாக மாற்றுகிறது காளான் இனம். தெர்மோகோலுக்கு மாற்று தயார். ஆனால் புகை விலகுமா?

அக்டோபர் கடைசியில் பாட்டியாலாவிலிருந்து சங்ரூர் போகும் சாலையில் பட்டப்பகலில் ஹெட்லைட் போட வேண்டிய நாட்கள் உண்டு. கம்பைன் இயந்திரம் கதிரை மட்டும் அறுத்துக்கொண்டு, தாளையும் வைக்கோலையும் வயலிலேயே விட்டுவிட்டுப் போகிறது. அடுத்து கோதுமை விதைக்க இருப்பதோ இரண்டு, மூன்று வாரம். நிலத்தடி நீரைக் காப்பாற்ற 2009ல் பஞ்சாப் கொண்டுவந்த சட்டம் நாற்று நடவைத் தள்ளிப்போட, அறுவடையும் தள்ளிப்போய், இந்த அவகாசம் மேலும் சுருங்கியது. ஒரு தீப்பெட்டி வேலையை ஒரே மாலையில் முடித்துவிடுகிறது. காற்று தென்கிழக்கே திரும்பினால் டெல்லிக்காரர்கள் இருமுகிறார்கள்.

வைக்கோலைப் போராகக் குவித்து மாட்டுக்குப் போட்டுப் பழகிய தமிழருக்கு இது புதிராகத்தான் இருக்கும். பஞ்சாப் மாடுகள் தின்பது கோதுமைத் தவிடும் கோதுமை வைக்கோலும். பாஸ்மதி அல்லாத நெல்லின் வைக்கோலை அங்கே யாரும் சீந்துவதில்லை. அதில் சிலிக்கா அதிகம். கொதிகலனில் போட்டாலும் இதே சிலிக்கா சாம்பலாகப் படிந்து தொல்லை தருகிறது. இப்படி யாருக்கும் வேண்டாத சரக்கு ஆண்டுக்குச் சுமார் 2 கோடி டன்.

பூஞ்சைக்கு மட்டும் இந்தச் சரக்கின் மேல் வெறுப்பில்லை.

காளான் என்று நாம் குழம்பில் போடுவது அந்த உயிரின் பழம் மாதிரி. மரம், அதாவது உண்மையான உடல், வெள்ளை நூலாக வைக்கோலுக்குள் ஓடிக்கொண்டிருக்கும் மைசீலியம். மற்ற உயிரினங்களில் பெரும்பாலானவை தொடத் தயங்கும் லிக்னினைக்கூட உடைத்துத் தின்னும் ரகங்கள் இதில் உண்டு. நூலின் சுவரில் இருப்பது கைட்டின். நண்டின் ஓட்டிலும் வண்டின் முதுகிலும் இருக்கும் அதே பொருள். தின்றுகொண்டே வலையாகப் பின்னுகிறது. அந்த வலைதான் பசை.

செய்முறை ஏறக்குறைய காளான் பண்ணையில் நடப்பதேதான். வைக்கோலை நறுக்கி, நனைத்து, ஆவியில் வேகவைத்து, மற்ற கிருமிகளைக் கொல்கிறார்கள். ஆறியதும் காளான் வித்தைக் கலந்து, வேண்டிய வடிவத்து அச்சில் அடைத்து, 25 டிகிரி சூட்டில் இருட்டில் வைத்தால் ஒரு வாரத்தில் துகள்கள் வெள்ளையாகப் பின்னிக்கொண்டு ஒரே கட்டியாகிவிடும். குடை விரியும் முன் அடுப்பில் உலர்த்தி உயிரைப் போக்கிவிடுகிறார்கள். இல்லாவிட்டால் டிவி பெட்டிக்குள் காளான் முளைக்கும்! கையில் எடுத்தால் தக்கை போல இருக்கிறது. உடையும் பொருளைத் தாங்குகிறது. எளிதில் தீப்பிடிப்பதில்லை. மண்ணில் போட்டால் சில வாரங்களில் உரமாகிவிடுகிறது. தெர்மோகோல் நம் பேரன் காலத்திலும் அப்படியே கிடக்கும்.

இதில் நமக்கு முன்னனுபவம் நிறையவே இருந்தது. வைக்கோலில் காளான் வளர்க்கும் முறையைக் கோவையில் 1940களிலேயே செய்து காட்டினார்கள். மைசூர் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம் 1962ல் சிப்பிக் காளானை வைக்கோலில் வளர்த்தது. ஆனால் காளானைப் பறித்தபின் மிஞ்சும் படுக்கையைக் குப்பையில் கொட்டினோம். கெட்டியாகிப்போன அந்தக் குப்பையிலேயே தொழில் இருப்பதைக் கண்டவர்கள் அமெரிக்கப் பொறியியல் மாணவர்கள் இருவர். ஈபன் பேயரும் கேவின் மெக்கின்டயரும் 2007ல் தொடங்கிய எகோவேடிவ் நிறுவனத்தின் அட்டையில் 2011ல் டெல் தன் கம்ப்யூட்டர்களை அனுப்பியது. 2014ல் நியூயார்க்கில் சுமார் 10,000 பூஞ்சைச் செங்கற்களால் ஒரு கோபுரமே எழுந்தது. 2021ல் ஹெர்மெஸ் நிறுவனம் பூஞ்சைத் தோலில் கைப்பை காட்டியது. எல்லாமே வெற்றியுமல்ல: மைலோ என்ற பூஞ்சைத் தோலைத் தயாரித்த போல்ட் த்ரெட்ஸ், பணம் திரட்ட முடியாமல் 2023ல் உற்பத்தியை நிறுத்திக்கொண்டது.

இந்தியாவில் இந்த வேலையில் இறங்கியவர்களில் அர்பித் தூபர் ஒருவர். டீசல் ஜெனரேட்டர் புகைக்கரியைப் பிடித்து மையாக்கிய சக்ர் நிறுவனத்தை நண்பர்களுடன் தொடங்கியவர். 2020ல் தரக்ஷா எகோசொல்யூஷன்ஸ் என்ற நிறுவனத்தை ஆரம்பித்து, பஞ்சாப், ஹரியானா வைக்கோலை வாங்கிப் பேக்கிங் பொருள் செய்யத் தொடங்கினார். புகைக்கு எதிரான அவரது இரண்டாவது இன்னிங்ஸ் இது.

சிக்கல்கள் சாதாரணமானவை அல்ல. தெர்மோகோலில் 98 சதவீதம் காற்று. பூஞ்சை அட்டை அதைவிடப் பல மடங்கு கனம், லாரி வாடகை ஏறும். தண்ணீரை உறிஞ்சும். ஆவியில் வேகவைப்பது சரியாக நடக்கவில்லை என்றால் பச்சைப் பூஞ்சை புகுந்து அந்தத் தொகுதியே பாழ். தெர்மோகோல் நிமிடத்தில் வார்ப்பாகிறது. இதற்கு ஒரு வாரம் அறை வாடகை தர வேண்டும். அரசு 2022 ஜூலையில் தடை செய்ததும் அலங்காரத்துக்கான தெர்மோகோலைத்தான். ஃபிரிட்ஜைச் சுற்றி வரும் தெர்மோகோலுக்கு அந்தத் தடை இல்லை. மலிவான எதிரி கடையில் இருக்கும்வரை புதியவன் விலைபேச முடியாது.

அளவு இன்னொரு பிரச்சினை. பானிபட்டில் இந்தியன் ஆயில் 2022ல் திறந்த எத்தனால் ஆலை ஆண்டுக்கு 2 லட்சம் டன் வைக்கோலை விழுங்குவதற்காகக் கட்டப்பட்டது. அத்தனை பெரிய ஆலைக்கே தேவை, பஞ்சாப் மிச்சம் வைப்பதில் நூறில் ஒரு பங்கு. பேக்கிங் அட்டை செய்பவர்கள் இன்னும் அந்த வரிசைக்கே வரவில்லை. ஆகவே டெல்லியின் நவம்பர் வானத்தைப் பூஞ்சை வெளுத்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். நம்பத் தகுந்தது வேறு: கிலோவுக்கு எத்தனால் தரும் வருமானத்தைவிட அட்டை அதிகம் தரக்கூடும். அந்த அதிகத்தில் ஒரு பங்கு வயலுக்குத் திரும்பினால்தான் விவசாயி தீப்பெட்டியைக் கீழே வைப்பார்.

இப்போதைக்கு அவர் கணக்கு எளிது. தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2015லேயே எரிப்பதைத் தடை செய்தது. 2024 நவம்பரில் அபராதம் இரட்டிப்பாகி, 5 ஏக்கருக்கு மேல் நிலம் வைத்திருப்பவருக்கு 30,000 ரூபாய் என்றானது. எரிக்காமல் இருக்க வேண்டுமானால் பேலர் இயந்திரம் வந்து வைக்கோலைக் கட்டாகச் சுருட்டிப்போக வேண்டும். அறுவடை எல்லா ஊரிலும் ஒரே வாரத்தில். பேலரோ ஒவ்வொரு வயலாகத்தான் வரும். கட்டுகளை வாங்கும் தொழிற்சாலைக்கும் ஆறு வாரத்தில் வாங்கியதை ஆண்டு முழுக்க மழையும் தீயும் படாமல் அடுக்கி வைக்க இடம் வேண்டும். பேலர் தன் வயலுக்கு நவம்பர் 5ஆம் தேதி வருமா, 15ஆம் தேதி வருமா என்பதுதான் சங்ரூர் விவசாயி முதலில் கேட்கும் கேள்வி. 15 என்றால் கோதுமை விதைப்பு தப்பிவிடும்.