மொட்டைமாடிப் பசுமை – 17
மஞ்சள் ஓரம் எங்கே போனது?

மஞ்சள் ஓரம் போட்ட பாம்புக் கற்றாழை இல்லாத நர்சரியே கிடையாது. 'லாரன்ட்டி' ரகம். அதன் இலையை விரல் நீளத்துக்கு நறுக்கி மணலில் செருகினால் வேர்விடும். சில மாதங்களில் குருத்தும் வரும். ஆனால் வரும் குருத்து பச்சையாகவே இருக்கும், மஞ்சளைக் காணோம். நர்சரிக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று கோபப்படுகிறவர்கள் உண்டு. அவர்மேல் தப்பில்லை.

இந்தச் செடியில் பச்சையம் உள்ள திசுவும் இல்லாத திசுவும் அடுக்கடுக்காகச் சேர்ந்து வளர்கின்றன. இலைத்துண்டிலிருந்து புதுக் குருத்து கிளம்பும்போது அந்த அடுக்கு கலைந்துவிடுகிறது. உள்ளே இருக்கும் பச்சைத் திசு மட்டும் செடியாகிறது. நிறம் மாறாமல் வேண்டுமானால், தொட்டியைக் கவிழ்த்து, மண்ணுக்கடியில் ஓடும் தண்டை இலைக்கொத்தோடும் வேரோடும் பிரித்து நடுங்கள். வேறு வழியில்லை.

மஞ்சளோ வெள்ளையோ, பச்சையம் இல்லாத பகுதி உணவு தயாரிக்காது. நாலு பேர் உள்ள வீட்டில் ஒருவர் மட்டும் சம்பாதிக்கிற கதை. அதனால்தான் இப்படி இருநிறம் கொண்ட செடிகள் முழுப்பச்சைச் செடியைவிட மெதுவாக வளர்கின்றன. தண்ணீரும் உரமும் குறைவாகவே கேட்கின்றன. இரக்கப்பட்டு ஊற்றினால் வேர் அழுகும். மண் அடிவரை காய்ந்த பிறகு ஊற்றினால் போதும். ஐப்பசி, கார்த்திகை மழையில் தொட்டிகளை சன்ஷேடுக்குக் கீழே தள்ளிவிடுங்கள்.

வெளிச்சம்தான் சிக்கல். இருட்டு மூலையில் வைத்தால் நிறம் மங்கி, தண்டு நீண்டு துவளும். நேர்வெயிலில் வைத்தால் வெள்ளைப் பகுதிதான் முதலில் கருகும். காலை வெயில் படட்டும், பிறகு நிழல்வலை. கத்திரி வெயிலில் இதில் சலுகையே கிடையாது.

'ஜேட்' என்று இங்கே விற்கும் ஆப்பிரிக்கப் போர்ட்டுலக்கேரியாவின் வெள்ளைக்கோடு ரகத்தில், திடீரென்று ஒரு கிளை முழுப்பச்சையாகக் கிளம்பும். செழிப்பாகத் தெரிகிறதே என்று விட்டுவிடாதீர்கள். வேகமாக வளர்ந்து மற்றக் கிளைகளை அமுக்கிவிடும். அது புறப்பட்ட கணுவரை வெட்டுங்கள். முழுவெள்ளைக் கிளை தாய்ச்செடியில் இருக்கிறவரை அழகு. தனியே வெட்டி நட்டால் செத்துவிடும்.

அப்படியானால் கடைகளில் விற்கும் சிவப்பு உருண்டைக் கள்ளி மட்டும் எப்படிப் பிழைக்கிறது? அதற்குப் பச்சையமே இல்லை. கீழே இருக்கும் முக்கோணத் தண்டு வேறு செடி. பெரும்பாலும் டிராகன் பழ இனம். அதன்மேல் ஒட்டுக்கட்டி, அது தயாரிக்கும் உணவில் உருண்டையை வாழவைக்கிறார்கள். ஜப்பானில் 1940-களில் உருவான ரகம் இது. பொதுவாகச் சில ஆண்டுகள்தான் தாங்கும், அதற்குள் வேறு தண்டில் மாற்றி ஒட்டவேண்டும். அது தெரிந்தே வாங்குங்கள்.

ஆன்லைனில் படத்தைப் பார்த்து முழுவெள்ளை நாற்றுக்கு மட்டும் பணம் அனுப்பாதீர்கள். ஒட்டுக்கட்டாத வெள்ளை நாற்று நிலைக்காது.