சக்கையும் மண்மேடும்: 'சுழற்சிப் பொருளாதாரம்' என்னும் கலைச்சொல் குறித்துச் சில கருத்துகள்

ஒரு துறைச்சொல் பிறமொழியிலிருந்து தமிழுக்கு வரும்போது அதன் பொருள் மட்டும் வருவதில்லை. அது பிறந்த தொழிலின் சாயலும் உடன் வருகிறது. 'சர்க்குலர் எகானமி' என்னும் தொடர் இதற்குத் தக்க சான்று. இத்தொடரை டேவிட் பியர்சும் கெர்ரி டர்னரும் 1990இல் வெளியிட்ட சுற்றுச்சூழல் பொருளியல் நூலில் எடுத்தாண்டனர். ஜெர்மனி 1994இல் இயற்றிய கழிவு மேலாண்மைச் சட்டத்தின் பெயரிலேயே இதற்கு நிகரான 'கிரைசுலாஃப்விர்ட்சாஃப்ட்' என்னும் கூட்டுச்சொல் இடம்பெற்றது. ஒரு தொழிலின் மிச்சம் மற்றொன்றின் மூலப்பொருளாதல், இயன்றவரை மிச்சமே தோன்றாதவாறு தொழிலை அமைத்தல் என்னும் இரண்டையும் இச்சொல் குறிக்கிறது.

தமிழில் இதற்குச் 'சுழற்சிப் பொருளாதாரம்', 'வட்டப் பொருளாதாரம்' என இரு வடிவங்கள் வழங்குகின்றன. இரண்டிலும் இடர் உண்டு. 'மறுசுழற்சி' என்பது முன்னரே 'ரீசைக்கிளிங்' என்பதற்கு நிலைபெற்றுவிட்டதால், 'சுழற்சி' என்றவுடன் பழைய பொருளை உருக்கி மீண்டும் வார்க்கும் செயலே படிப்போர் மனத்தில் எழுகிறது. மிச்சம் தோன்றாமல் தடுத்தல் என்னும் பாதி விடுபட்டுப்போகிறது. மேலும் 'பொருளாதாரச் சுழற்சி' என்று சொற்கள் இடம் மாறினால், ஏற்றமும் இறக்கமும் மாறிமாறி வரும் வணிகச் சுழலைக் குறிக்கும் வேறொரு கலைச்சொல்லாகிவிடும். 'வட்டம்' என்பதோ தமிழ்நாட்டு ஆட்சித்தமிழில் தாலுகாவைக் குறிப்பது. 'வட்டப் பொருளாதார வளர்ச்சி' என்னும் தலைப்பைக் கண்ட வருவாய்த்துறை அலுவலர் ஒருவர் அதை எக்கோப்பில் சேர்ப்பார் என்பது சிந்திக்கத்தக்கது!

கருத்தாக்கம் சரியாகப் பொருந்தும் தொழிலொன்றில் சொற்கள் எவ்வாறு இயங்குகின்றன என்பதைக் காண, திராட்சை ஒயின் தொழில் ஏற்றது. கோலார்ப் பகுதிக்கும் அது அயலானதன்று. பெங்களூரு, கோலார், சிக்கபள்ளாபூர் வட்டாரங்களில் 'பெங்களூர் நீலம்' என்னும் திராட்சை நெடுங்காலமாகப் பயிராகிறது. நந்திமலைச் சாரலில் 1980களின் இறுதியில் பிரெஞ்சு வகைகள் நடப்பட்டன. கர்நாடக அரசு 2007இல் திராட்சைப் பதனத்துக்கும் ஒயினுக்கும் தனிக் கொள்கையே வகுத்தது. தங்கவயலின் ஆங்கிலோ-இந்தியக் குடும்பங்களில் கிறித்துமசுக்கு வீட்டிலேயே ஒயின் இறக்கும் வழக்கமும் உண்டு.

பழத்தைப் பிழிந்தபின் அதன் எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு தோலும் விதையும் காம்புமாக எஞ்சுகிறது. இதற்கு ஆங்கிலத்தில் தனிச்சொல் உண்டு. தமிழில் புதிதாக ஆக்க வேண்டுவதில்லை. கரும்புக்கு வழங்கும் 'சக்கை' போதும். இலக்கிய வழக்கில் 'கோது' உண்டு. விதையிலிருந்து எண்ணெய் எடுத்தபின் எஞ்சுவது 'பிண்ணாக்கு'. தொட்டியின் அடியில் தங்கும் நொதியும் நுண்துகளும் 'மண்டி' அல்லது 'வண்டல்'. சங்க இலக்கியம் தெளிந்த மதுவைத் 'தேறல்' என்கிறது. அது 'தேறு' என்னும் வினையடியாகப் பிறந்தது. மண்டியைப் பிரித்தபின்னரே தேறல் என்னும் பெயர் பொருந்தும். ஆக, மதுவின் பெயரிலேயே மிச்சத்தைப் பற்றிய குறிப்பு அடங்கியிருக்கிறது. இதற்கு மாறாக, விவிலியத் தமிழின் 'திராட்சரசம்' புளித்ததையும் புளிக்காததையும் வேறுபடுத்திக் காட்டுவதில்லை.

இம்மிச்சங்கள் ஒவ்வொன்றும் ஒரு பயன் நோக்கிச் செல்கின்றன. சிவப்பு ஒயினின் சக்கை சாற்றோடு சேர்ந்து நொதித்திருப்பதால் அதில் சாராயம் தங்கியிருக்கும். அதைக் காய்ச்சி வடித்தே இத்தாலியர் கிராப்பாவையும் பிரெஞ்சுக்காரர் மார்க்கையும் பெறுகின்றனர். தொட்டிச் சுவரில் படியும் உப்பிலிருந்து டார்ட்டாரிக் அமிலமும், கருந்தோலிலிருந்து உணவு நிறமியும் கிடைக்கின்றன. எஞ்சியது சாணத்தோடு மக்கி உரமாகத் தோட்டத்துக்கே திரும்புகிறது. பச்சையாக இட்டால் அதன் அமிலமும் துவர்ப்பும் இளம்பயிரைக் கெடுக்கும், மக்குதல் இன்றியமையாதது. இங்குப் பொருள் உண்மையிலேயே புறப்பட்ட இடத்துக்கு மீள்கிறது.

தங்கவயலில் நிலை வேறு. ஜான் டெய்லர் நிறுவனம் 1880இல் பொறுப்பேற்றது முதல், பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் 2001 பிப்ரவரி 28இல் மூடப்பட்டது வரை, வெட்டியெடுத்த பாறை பொடியாக்கப்பட்டுத் தங்கம் பிரிக்கப்பட்டது. தொடக்கத்தில் பாதரசம் பூசிய தகடுகளில் ஒட்டாமல் தப்பிய தங்கம் பொடியோடு போயிற்று. கிளாஸ்கோவில் 1887இல் காப்புரிமை பெற்ற சயனைடு முறை 1890களில் இங்கு வந்தபின், அப்பொடியிலிருந்தும் தங்கம் கரைத்தெடுக்கப்பட்டுத் துத்தநாகத்தால் படியவைக்கப்பட்டது. நேற்றைய மிச்சம் இன்றைய மூலப்பொருள் என்னும் கொள்கை, அதற்கொரு பெயர் தோன்றுவதற்கு ஒரு நூற்றாண்டு முன்னரே இங்கு நடைமுறையில் இருந்தது.

அதன்பின் எஞ்சிய சாம்பல்நிற மண்ணே ஊரிகம், மாரிக்குப்பம், சாம்பியன் ரீஃப் பகுதிகளின் அடையாளமான சயனைடு மேடுகள். காற்றுக் காலத்தில் அம்மண் குடியிருப்பு லைன்களின் மீது பறந்து படிகிறது. மேடுகள் 13, அவற்றில் ஏறத்தாழ 3.3 கோடி டன் மண் இருப்பதாக மதிப்பிடப்பட்டுள்ளது. அவற்றிலிருந்து மீண்டும் தங்கம் எடுக்கும் ஒன்றிய அரசின் திட்டத்துக்குக் கர்நாடக அமைச்சரவை 2024இல் இசைவளித்தது. இத்தகைய திட்டத்தைச் 'சுழற்சிப் பொருளாதாரம்' என்னும் தலைப்பின்கீழ்த் தமிழில் எழுதலாமா என்பதே மொழிபெயர்ப்பாளர் முன்னுள்ள வினா.

எழுதலாகாது என்றே தோன்றுகிறது. ஒரு டன் மண்ணில் உள்ள தங்கம் ஒரு கிராமுக்கும் குறைவு. அதை எடுத்தபின் மண்ணின் அளவு குறைவதில்லை. அது மீண்டும் ஓரிடத்தில் குவிக்கப்பட வேண்டும். அதன் ஒரு பகுதி சுரங்க வெற்றிடங்களை நிரப்பவோ செங்கல்லாகவோ பயன்படுமாயின் அப்பகுதியளவுக்கே சுழற்சி என்னும் சொல் பொருந்தும். மற்றது 'மறுபிரித்தெடுப்பு' மட்டுமே. சக்கைக்குரிய சொல்லை மண்மேட்டுக்கு இடுவது, தூசு இனி இராது என்னும் பொய்யான நம்பிக்கையை அங்கு வாழும் தமிழருக்குத் தரும்.

'டெயிலிங்ஸ்' என்பதன் தமிழாக்கத்திலும் இதே கவனம் வேண்டும். ஆலையின் கடைவாயில் வெளிவருவது என்னும் கருத்தில் எழுந்த அச்சொல்லை 'வால்' எனப் பெயர்ப்பது பொருந்தாது. 'கசடு' என்பது உலையில் உருகிப் பிரியும் பொருளுக்கும் சேற்றுப்படிவுக்கும் ஏற்கெனவே வழங்குகிறது. 'கழிவு' என்றால் கழித்துவிடப்பட்டது, உரிமையாளர் அற்றது என்னும் குறிப்பு ஏறுகிறது. மேட்டு மண் சட்டப்படி அவ்வாறானதன்று. 'எச்சம்' இலக்கணத்தில் முடிவு நோக்கி நிற்கும் வினையைக் குறிப்பது, வழித்தோன்றலையும் குறிக்கும். கருத்தளவில் இதனினும் பொருத்தமான சொல் அரிது. எனினும் இன்றைய வழக்கில் அது பறவையின் எச்சத்தையே முதலில் நினைவூட்டுவதால் தனித்து நிற்காது. 'தாது எச்சமண்' என அடையோடு வழங்கலாம்.

பொதுக் கருத்தாக்கத்துக்கு இலங்கைத் தமிழ் ஒரு வழி காட்டுகிறது. அங்கு உடலியல் நூல்களில் 'குருதிச் சுற்றோட்டம்' என்பது நெடுங்காலமாக வழங்குகிறது. ஜெர்மன் சொல்லின் 'கிரைசு', 'லாஃப்' என்னும் இரு உறுப்புகளும் முறையே சுற்று, ஓட்டம் என்றே பொருள்படும். அதுவும் குருதியோட்டத்துக்கு வழங்கும் சொல்லே. 'சுற்றோட்டப் பொருளாதாரம்' என்பது மறுசுழற்சியோடும் தாலுகாவோடும் வணிகச் சுழலோடும் மயங்காது. பொருள் மீண்டு வராத இடத்தில் இச்சொல்லை இட்டால் பிழை உடனே புலப்படும் என்பது இதன் மற்றொரு நன்மை.