பட்டணத்தின் சாப்பாடும் நம் கிராமத்துச் சாகுபடியும்

சென்னையிலிருந்து கும்மிடிப்பூண்டி செல்லும் ரயில் மார்க்கத்தில், மீஞ்சூருக்கும் பொன்னேரிக்கும் நடுவே உள்ள நிலையம் அனுப்பம்பட்டு. சுற்றிலும் நெல் வயல், வடகிழக்கே பழவேற்காட்டு ஏரி, தெற்கே பட்டணம். இம்மூன்றுக்கும் இடையில் வாழும் குடியானவர்கள் கவனிக்கத்தக்க விஷயம் ஒன்றுண்டு. ஜனங்கள் நகரங்களில் பெருகப் பெருக அவர்கள் உணவு மாறுகிறது. உணவு மாறினால் சாகுபடியும் மாறியே தீரும். அம்மாறுதலை அறிந்து நடப்பவர் லாபமடைவர். அறியாதவர் நிலத்தையும் நீரையும் இழக்க நேரிடும்.

1951-ல் தமிழ்நாட்டில் நூற்றுக்கு 24 பேரே நகரவாசிகள். 2011-ல் 48 பேர். வருமானம் உயருமளவுக்குக் குடும்பச் செலவில் உணவின் பங்கு குறையும் என 1857-ல் எர்ன்ஸ்ட் எங்கெல் என்னும் ஜெர்மானிய அறிஞர் கண்டறிந்தார். நம் தேசத்திலும் அவ்வாறே நிகழ்ந்திருக்கிறது. இந்தியக் கிராமக் குடும்பங்களின் செலவில் உணவுக்குரிய பங்கு 1999-2000-ல் நூற்றுக்கு 59, 2022-23-ல் 46. தானியத்தின் பங்கோ 22-லிருந்து 5-க்கு இறங்கிற்று. ரேஷனில் விலையின்றி அரிசி கிடைப்பது இதற்கு ஒரு காரணம். பால், முட்டை, பழம், மீன் ஆகியவற்றில் நாட்டம் மிகுந்தது மற்றொன்று. இன்று கிராமத்தார் உணவுச் செலவில் முதலிடம் பெறுவது பானங்களும் கடைகளில் விற்கும் தயார் உணவுகளுமே.

நான் இவ்வேலையில் சேர்ந்த காலத்தில், அறுவடைக்கு வரும் ஆட்கள் கலயத்தில் கேழ்வரகுக் கூழ் கொண்டுவருவர். இப்போது களத்து மேட்டில் கிடப்பவை தேநீர்க் குவளையும் பிஸ்கோத்து உறையுமே. கேழ்வரகு விதைத்த மேட்டு நிலங்கள் தரிசாகின்றன, அல்லது மனைகளாகின்றன. நஞ்சையிலோ பட்டணத்தார் விரும்பும் சன்ன ரகங்களாகிய வெள்ளைப் பொன்னியும் பாப்பட்லாவும் மோட்டா ரகங்களைத் தள்ளிவிட்டன.

பட்டணத்தின் பசி நம் நீரையும் தொட்டது. 1960-களில் தொடங்கி மீஞ்சூர்ப் பகுதிக் குழாய்க் கிணறுகளிலிருந்து சென்னைக்குக் குடிநீர் இறைக்கப்பட்டது. நன்னீர் குறைந்த இடத்தில் கடல்நீர் நிலத்தடியே பல கிலோமீட்டர் உட்புகுந்தது. 1987-ல் நிலத்தடி நீர்ச் சட்டம் வந்தது. 2010-ல் கடல்நீரை நன்னீராக்கும் ஆலையும் ஏற்பட்டது. ஆயினும் உவர்த்த கிணறு எளிதில் இனிப்பதில்லை.

ஏரியிலும் இதே கதைதான். மீனவர் பாடு முறையில் தவணை வைத்துப் பிடித்த இறாலுக்கு வெளிநாட்டுக் கிராக்கி உண்டாகவே, கரையோரங்களில் இறால் பண்ணைகள் பெருகின. 1996 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட்டு, பழவேற்காட்டு ஏரியிலிருந்து 1,000 மீட்டருக்குள் அத்தொழில் கூடாதென்றும் விளைநிலத்தை இறால் குட்டையாக்கலாகாதென்றும் தீர்ப்பளித்தது.

இனிச் செய்யத்தக்கவை:

1. நிலம் முழுவதிலும் ஒரே ரகம் வைத்தல் வேண்டா. நல்ல நீருள்ள கிணற்றடியில் அரை ஏக்கரேனும் கீரையும் காய்கறியும் பயிரிடுக. சுமார் ஒரு மணி நேர ரயில் பயணத்தில் பட்டணத்துக் கிராக்கி காத்திருக்கிறது.

2. தனியே சென்று தரகரிடம் நிற்பதை விடப் பதின்மர் கூடி விற்பது மேல். 1999-ல் தொடங்கிய உழவர் சந்தைகள் இதற்கென்றே ஏற்பட்டவை.

3. கிணற்று நீரை ஆண்டுதோறும் பரிசோதிக்க. உப்பு ஏறும் குறி தெரிந்தால் இறைப்பைக் குறைத்து, தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுக.

4. குட்டைக்கு நிலம் கேட்டு வருவோரிடம் கடலோர நீருயிர் வளர்ப்பு அதிகார சபையின் பதிவுச் சான்றைக் கேட்க. கிராம உத்தியோகஸ்தர்கள் இதில் தாட்சண்யம் பாராட்டலாகாது. ஒரு குட்டையின் உப்பு அயல் வயலையும் கெடுக்கும்.

5. மேட்டு நிலத்தில் வீட்டுத் தேவைக்காவது கேழ்வரகு விதைக்க. 100 கிராமில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்துடையது அது. 2023-ல் வெளியான ஆராய்ச்சியின்படி இந்தியக் கிராமங்களிலும் நூற்றுக்கு 9 பேர் நீரிழிவு உடையவர். பட்டணத்து உணவோடு பட்டணத்து நோயும் வந்துவிட்டது.

பட்டணத்துக்கு வேண்டியதை விளைவித்து விற்பது கெட்டிக்காரத்தனம். ஆனால் விற்ற பணத்தில் பொட்டலம் வாங்கித் தின்று, கிணற்றை உவராக்கி, மேட்டை மனையாக்கிவிட்டால், அடுத்த தலைமுறைக்கு விற்கவும் உண்ணவும் ஒன்றும் மிஞ்சாது. குடியானவர்கள் இதனைச் சிந்தித்து, வரும் பட்டத்திலேயே நடவடிக்கை மேற்கொள்வார்களாக.